முரட்டு ஜீப்பா, சொகுசு எஸ்யூவியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் வாகன உதிரிபாகம் விற்பது என் வேலை. ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்காரர்கள் நிறைய வருவார்கள். ஷாக் அப்சார்பர் வாங்க வந்தவர் அரைமணி நேரம் நின்று பேசிவிட்டுத்தான் போவார். பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: பழைய மாதிரி எளிமையான முரட்டு வண்டி நல்லதா, திரையும் சென்சாருமாக வரும் புது வண்டி நல்லதா? கல்யாண வீட்டில் மாட்டினாலும் இதே கதைதான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். அடிப்படையானவை முதலில், வில்லங்கமானவை பின்னால்.

ரெண்டுமே உயரமா, பெருசாத்தான் இருக்கு. எது ஜீப்பு, எது வெறும் பெரிய காருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். லோரியில் இருப்பது போல முன்னிருந்து பின்வரை இரண்டு நீளமான இரும்புச் சட்டங்கள் ஓடி, அவற்றின் மேல் உடல் தனியாக போல்ட் போட்டு உட்கார்ந்திருந்தால் அது ஏணிச்சட்ட வண்டி. பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே தடித்த அச்சு இணைக்கிறதா, உள்ளே கியருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டிக் கியர் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் குட்டிக் கியரைத்தான் 'ஃபோர் லோ' என்பார்கள். வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும். சுசுகி ஜிம்னி, 1984இல் வந்து ஆஸ்திரேலியாவிலும் வளைகுடா நாடுகளிலும் இன்னும் விற்கும் டொயோட்டா லேண்ட் குரூசர் 70, பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் எல்லாம் இந்த ரகம்.

ஆனால் கோடு அவ்வளவு நேராக ஓடாது. லேண்ட் குரூசர் 300இல் விரல்ரேகை வைத்து எஞ்சினைக் கிளப்பலாம், அடியில் இருப்பது அதே ஏணிச்சட்டம். 1979இல் வந்த மெர்சிடிஸ் ஜி-கிளாஸில் சேற்றில் சக்கரங்களைச் சேர்த்துச் சுழல வைக்கும் மூன்று டிஃப் லாக்கும் உண்டு, தோல் இருக்கையும் உண்டு. முரடும் சொகுசும் ஒரே வண்டியில் குடியிருக்க முடியும். பழுதானால் யார், எங்கே, எதை வைத்துச் சரிசெய்வார்கள் என்பதில்தான் வண்டிக்கு வண்டி உண்மையான வித்தியாசம்.

எப்பப் பார்த்தாலும் பழைய லேண்ட் ரோவரையே தூக்கி வச்சுப் பேசுறீங்களே, அதுல அப்படி என்ன இருக்கு?

1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான வண்டி அது. போருக்குப் பிந்திய பிரிட்டனில் இரும்புத் தகடுக்குத் தட்டுப்பாடு, அதனால் உடலை அலுமினியத்தில் செய்தார்கள். விவசாயிக்காகச் செய்த வண்டி, சில நாட்டு ராணுவங்களுக்கும் போனது. இங்கே தேசிய சேவையில் ஓட்டுநராக இருந்த அண்ணன்மார் பலருக்கு லேண்ட் ரோவர் முதுகுவலி ஞாபகம் இருக்கும்.

மலேசியாவின் கேமரன் மலை போனவர்கள் பிரிஞ்சாங் பக்கம் பார்த்திருப்பீர்கள். கோஸும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு, எப்போதோ நிறம் போன பழைய லேண்ட் ரோவர்கள் காய்கறித் தோட்டத்துச் சரிவில் ஏறிக்கொண்டிருக்கும். பானட்டைத் திறந்தால் நடுவில் எஞ்சின், சுற்றிலும் இடைவெளி வழியாகத் தரை தெரியும். கை நுழையாத மூலை கிடையாது. டீசல் லைனில் காற்று புகுந்து நின்றுவிட்டால் ஓட்டுபவரே இறங்கி, ஃபில்டர் பக்கத்துத் திருகைத் தளர்த்தி, பம்பில் இருக்கும் குட்டி நெம்புகோலைக் கையால் அடிப்பார். நுரை நின்று சுத்தமான டீசல் வழிந்ததும் இறுக்கிவிட்டுக் கிளம்புவார். அந்த வண்டியின் பெருமை எல்லாம் இதில்தான். மற்றபடி ஒழுகும், இரையும், கோடையில் வேகவைக்கும்.

புது டிஃபெண்டர் நிஜ டிஃபெண்டரே இல்லையாமே?

பழையதன் உற்பத்தி 2016 ஜனவரியில் சோலிஹல் ஆலையில் நின்றது. புதியது 2019இல் வந்தது, ஸ்லோவாக்கியாவின் நித்ராவில் தயாராகிறது. கம்பெனி 2008 முதல் டாட்டாவிடம். ஏணிச்சட்டம் போய், உடலே சட்டமாக இருக்கும் அலுமினியக் கட்டமைப்பு வந்துவிட்டது. பழைய ரசிகர்களுக்கு அதில்தான் கோபம்.

கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு அளந்து பார்த்தால் புதியதுதான் அதிக தூரம் போகும். தண்ணீரில் பழையது 500 மில்லிமீட்டர் ஆழம் வரை, புதியது 900 வரை. சேறா, மணலா, பாறையா என்று அதுவே கண்டுபிடித்துத் தன்னை மாற்றிக்கொள்ளும். போகிற திறமையில் புதியது மேல், நின்றுவிட்டால் கிளப்புகிற சுலபத்தில் பழையது மேல். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைப்பவர் விற்பனையாளராக இருப்பார், இல்லாவிட்டால் ரசிகராக இருப்பார்.

பழைய மாதிரியே ஒண்ணு இப்பச் செஞ்சா என்னவாம்?

செய்து பார்த்தார்கள். பிரிட்டிஷ் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃபின் இனியோஸ் நிறுவனம் கிரெனடியர் என்ற வண்டியை 2022 முதல் பிரான்ஸின் ஹம்பாக்கில் தயாரிக்கிறது. ஏணிச்சட்டம், முன்னும் பின்னும் முழு அச்சு, கையுறை போட்டுக்கொண்டே அமுக்கக்கூடிய பெரிய பொத்தான்கள். ஆனால் எஞ்சின் பிஎம்டபிள்யூவின் ஆறு சிலிண்டர். புகைக் கட்டுப்பாட்டு விதிகளைத் தாண்ட வேண்டுமானால் கம்ப்யூட்டர் இல்லாத எஞ்சினை இன்று விற்கவே முடியாது. எளிமையை ஆசைப்பட்டுக் கட்டிய வண்டியிலும் வயர் கட்டு கட்டாகத்தான் போகிறது.

அப்ப எலக்ட்ரானிக்ஸ் இருந்தா காட்டுல நின்னுடும், அப்படித்தானே?

எந்த எலக்ட்ரானிக்ஸ் என்று கேளுங்கள். எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இவையெல்லாம் பல பத்தாண்டுகளாகத் தேறிவந்த சமாச்சாரம். கார்புரேட்டர் காலத்து வண்டியைவிட இன்றைய எஞ்சின் மழையில் ஒழுங்காகக் கிளம்பும். ஜிம்னியிலும் இவை இருக்கின்றன.

அடுத்தது இழுவைக்கு உதவுபவை. ஒரு சக்கரம் பள்ளத்தின் மேல் அந்தரத்தில் தொங்கினால், இரண்டு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக்கொடுக்கும் சாதாரண டிஃபரென்ஷியல் முழு வேகத்தையும் அந்தத் தொங்கும் சக்கரத்துக்கே அனுப்பும், வண்டி நகராது. டிராக்ஷன் கண்ட்ரோல் அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடித்து இழுவையை மறுபக்கம் தள்ளும். டிஃப் லாக் என்பது இரண்டு சக்கரத்தையும் சேர்த்துக் கட்டிவிடுவது. சக்கரம் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் டிராக்ஷன் கண்ட்ரோல் விழித்துக்கொள்ளும், நீண்ட சேற்றில் பிரேக்கும் சூடாகும். லாக் முன்கூட்டியே தயாராக நிற்கும். இருந்தாலும் புதிதாக ஓட்டப் பழகுபவருக்கு டிராக்ஷன் கண்ட்ரோல்தான் நல்ல துணை. தப்பான நேரத்தில் லாக் போட்டுத் திருப்ப முடியாமல் நேரே மரத்துக்குப் போகும் வாய்ப்பு அதில் கிடையாது.

மூன்றாவது ரகம்தான் தொல்லை. உள்ளே மடங்கும் கதவுக் கைப்பிடி, தானே மூடும் டிக்கி, ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பை வைத்த சஸ்பென்ஷன். சக்கரத்துப் பக்கம் உள்ள ஒரு சிறு சென்சாரில் சேறு அடைத்தாலோ வயர் அறுந்தாலோ எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரியும், சில வண்டிகள் வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். செம்பனைத் தோட்டத்து நடுவில் அதைப் படித்துச் சொல்ல ஸ்கேனர் வேண்டும், ஸ்கேனர் நகரத்தில் இருக்கும்.

சிங்கப்பூர்ல காடே இல்லையே, இதெல்லாம் எதுக்குங்க?

நியாயமான கேள்வி. இங்கே மண் பாதை என்று இருப்பதில் பாதி ராணுவப் பயிற்சி நிலம், மீதி கட்டுமானத் தளம். இரண்டிலும் உங்களை விடமாட்டார்கள். அன்றாடம் நீங்கள் சந்திக்கும் கரடுமுரடு என்னவென்றால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வாகன நிறுத்துமிடம்தான். ஒரு கட்டம் வழக்கமாக 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். ஐந்து கதவு புது டிஃபெண்டர் பின் டயரோடு சேர்த்து 5 மீட்டரைத் தாண்டும், அகலம் 2 மீட்டர். இரண்டு பக்கமும் வண்டி நின்றால் கதவைத் திறந்து இறங்க வயிற்றை எக்க வேண்டியிருக்கும். மூன்று கதவு ஜிம்னியின் அகலம் 1.645 மீட்டர். கூரையில் சாமான் தட்டு மாட்டும் ஆசை இருந்தால், அதற்கு முன்னால் உங்கள் கார்பார்க் வாசலில் தொங்கும் உயரப் பலகையைப் படித்துவிடுங்கள்.

அப்ப ஜோகூர் பக்கம் போனா எங்க ஓட்டலாம்?

செம்பனைத் தோட்டப் பாதைகள் தனியார் நிலம். அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள், காவலாளியிடம் சிரித்துப் பேசுவது அனுமதி ஆகாது. முறையாகப் போகக்கூடிய இடங்களில் எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்கா ஒன்று. கஹாங் ஊரிலிருந்து பூங்காவின் நுழைவாயிலான கம்போங் பெத்தா வரை சுமார் 56 கிலோமீட்டர், பெரும்பகுதி மண் சாலை. காய்ந்திருந்தால் சாதுவான பாதை. மழை பெய்தால் செம்மண் சோப்புக்கட்டியாகிவிடும். ஆண்டு இறுதியில் வடகிழக்குப் பருவமழை அடிக்கும்போது பூங்காவையே மூடிவிடுவார்கள்.

எல்லை தாண்டுவதற்கு முன் வழக்கமான மூன்று: சிங்கப்பூர்ப் பதிவு வண்டியில் முக்கால் டாங்கி எண்ணெய் இருக்க வேண்டும், மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி (விஇபி) வேண்டும், அங்கே ரோன் 95 பெட்ரோல் போடக் கூடாது. நாலாவதாக, உங்கள் காப்புறுதி மண் பாதையில் நடப்பதற்குப் பொறுப்பேற்குமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சிஓஇ கணக்குல எது லாபம்?

சிஓஇ என்பது இங்கே வண்டியைப் பதிய ஏலத்தில் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழ். அதில் ஏ பிரிவு என்றால் எஞ்சின் 1,600 சிசிக்கும், சக்தி 97 கிலோவாட்டுக்கும் மேல் போகக் கூடாது. 1.5 லிட்டர் ஜிம்னி அதற்குள் அடங்கும். பெரிய சொகுசு வண்டி பி பிரிவு. ஏ பிரிவே ஒரு லட்சம் வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தாண்டிய ஏலங்கள் உண்டு, எனவே இதில் மிச்சமாவது நினைக்கிற அளவு இல்லை.

அடி விழுவது கூடுதல் பதிவுக் கட்டணத்தில். 2023 பிப்ரவரியில் மாற்றிய விகிதப்படி, வண்டியின் இறக்குமதி மதிப்பில் முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு. அதற்கு மேல் ஒவ்வொரு 20,000க்கும் 140, 190, 250. 80,000க்கு மேல் 320 விழுக்காடு. மதிப்பு 20,000 வெள்ளி வண்டிக்குக் கட்டணமும் 20,000. மதிப்பு ஒரு லட்சம் என்றால் கட்டணம் இரண்டு லட்சம். மசாஜ் இருக்கை, கூடுதல் ஸ்பீக்கர், பெரிய திரை என்று தொழிற்சாலையிலேயே சேர்த்து வாங்கும் ஒவ்வொன்றும் அந்த மதிப்பை ஏற்றும். மேல் படியில் இருப்பவர் ஆயிரம் வெள்ளி சாமானுக்கு 3,200 வெள்ளி கட்டணமும் சேர்த்துக் கட்டுகிறார்.

முரட்டு வண்டி முப்பது வருஷம் ஓடும்பாங்களே. அது லாபம் இல்லையா?

ஆஸ்திரேலியாவில் லாபம். இங்கே சான்றிதழின் ஆயுள் 10 ஆண்டு. அதற்குள் பதிவை நீக்கினால் மேலே சொன்ன கூடுதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். சான்றிதழைப் புதுப்பித்தால் அந்தத் தொகையை மறந்துவிட வேண்டியதுதான். புதுப்பிக்க அப்போதைய மூன்று மாதச் சராசரி ஏல விலையைக் கட்ட வேண்டும். 5 ஆண்டுக்கு என்று புதுப்பித்தால் அதோடு சரி, மறுபடி நீட்டிக்க முடியாது. பத்தாண்டு தாண்டியதும் சாலை வரி 10 விழுக்காடு கூடி, படிப்படியாக 50 வரை ஏறும், ஆண்டுதோறும் சோதனையும் உண்டு.

உறுதியான சேசிஸின் பாதி ஆயுளைக்கூட இங்கே யாரும் அனுபவிப்பதில்லை. நீங்கள் விலை கொடுத்து வாங்கிய அந்த நீண்ட ஆயுளை, பதிவு நீக்கிய பிறகு கப்பலில் ஏற்றிப் போகும் ஊர்க்காரர்கள்தான் அனுபவிக்கிறார்கள். 'நீடித்து உழைக்கும்' என்பதற்காக மட்டும் முரட்டு வண்டி வாங்க நினைப்பவரிடம் நான் கடையில் நின்று சொல்வது இதைத்தான். நல்ல வாடிக்கையாளர்கள் சிலரை இப்படி இழந்திருக்கிறேன்.

அப்ப சொகுசு வண்டிதான் நமக்குச் சரியா? பத்து வருஷம் நெருங்கினது மலிவா வருது, வாங்கலாமா?

மேலே சொன்ன கணக்கின் மறுபக்கம் இது. சொகுசு வண்டியின் வம்பெல்லாம் தலைகாட்டுவதற்குள் முதல் உரிமையாளர் விற்றுவிடுவார். புதுப்பித்த சான்றிதழோடு வாங்கும் இரண்டாவது மூன்றாவது ஆள்தான் மாட்டுவார்.

பார்க்கப் போனால் காலையில் போங்கள், இரவு முழுக்க நின்ற வண்டியைப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் அந்தச் சக்கரத்துக் காற்றுப்பை கசிகிறது. கிளப்பியதும் அடியிலிருந்து கம்ப்ரஸர் இரைச்சல் நெடுநேரம் ஓயாமல் கேட்டால் அதுவும் களைத்துவிட்டது. கசிவை ஈடுகட்ட ஓடி ஓடியே அது சாகும். எனவே இரண்டுக்கும் சேர்த்தே பணம் எடுத்து வையுங்கள். நாலு கண்ணாடியையும் ஏற்றி இறக்குங்கள், ஒவ்வொரு கேமராவையும் திரையில் வரவழையுங்கள், 'ஃபோர் லோ' போட்டு நாலடி நகர்த்துங்கள். அந்தப் பொத்தானை ஒருமுறைகூடத் தொடாத உரிமையாளர்கள் நிறைய.

டச் ஸ்கிரீன் ஆபத்துங்கிறாங்க, உண்மையா?

குலுங்கும் பாதையில் கண்ணாடியின் மேல் சின்னப் படத்தைக் குறிவைத்துத் தட்டுவது எரிச்சல். தார்ச்சாலையில் கண் சாலையை விட்டு விலகுவது ஆபத்து. ஐரோப்பாவின் மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப் 2026 விதிகளில் சிக்னல், ஹாரன், வைப்பர், அபாய விளக்கு போன்றவற்றுக்குக் கையால் தொட்டறியும் விசை இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று ஆக்கியிருக்கிறது. பொத்தான்கள் திரும்பி வருகின்றன. ஒன்றுமே வேண்டாம் என்று வெறும் ஜீப்பு வாங்கினாலும், புதிய மின்னியல் சாலைக் கட்டண முறைக்கான கருவி உங்கள் வண்டிக்குள் வந்தே தீரும்.

வயசான அப்பா அம்மா, சின்னப் பிள்ளைங்க எல்லாம் வருவாங்க. எது பாதுகாப்பு?

மோதலில் காப்பாற்றுவதில் புது சொகுசு வண்டிதான் மேல். யூரோ என்கேப் சோதனையில் 2018இல் ஜிம்னிக்கு 3 நட்சத்திரம், 2020இல் புது டிஃபெண்டருக்கு 5. பழைய டிஃபெண்டரில் மோதலில் விரியும் ஏர்பேக்கே இல்லை. முரடாக இருப்பது வேறு, பாதுகாப்பாக இருப்பது வேறு.

ஏறுவதையும் யோசியுங்கள். சேலை கட்டிய அம்மா உயரமான படியில் காலை வைத்து ஏற வேண்டும். மூன்று கதவு ஜிம்னியில் பின்சீட்டுக்கு முன்சீட்டை மடித்து நுழைய வேண்டும். காற்று சஸ்பென்ஷன் வண்டி நின்றதும் தன்னைத் தாழ்த்திக்கொடுக்கும். நான் மேலே திட்டிய அதே சஸ்பென்ஷன் காற்றுப்பைக்கு இந்த ஒரு இடத்தில் கும்பிடு போடலாம்.

திடீர் வெள்ளம் வந்தா உயரமான வண்டியில தப்பிச்சுடலாமா?

2010 ஜூனில் ஆர்ச்சர்ட் சாலை மூழ்கியதிலிருந்து இந்தக் கேள்வி வருகிறது. புது டிஃபெண்டருக்குச் சொன்ன 900 மில்லிமீட்டர் என்பது நின்ற தண்ணீருக்கு, அடித்தளம் தெரிந்த இடத்துக்கு. ஓடும் தண்ணீர் 30 சென்டிமீட்டர் இருந்தாலே சிறிய காரை நகர்த்தும். 60 போதும், எஸ்யூவியும் போய்விடும். கலங்கிய தண்ணீரில் கால்வாய் எங்கே, சாலை எங்கே என்று எந்தச் சென்சாரும் சொல்லாது. திரும்பிப் போங்கள்.

டீசல்தானே ஜீப்புக்கு அழகு?

இங்கே 2025 முதல் புதிய டீசல் காரைப் பதிய முடியாது. ஏற்கெனவே இருப்பதை வாங்குபவர், அதில் புகைக்கரி வடிகட்டி இருந்தால் கவனிக்க வேண்டும். குட்டிக் குட்டிப் பயணமாகவே ஓட்டினால் அது சூடேறிக் கரியை எரிக்க நேரமில்லாமல் அடைத்துக்கொள்ளும். தெம்பனிஸிலிருந்து பக்கத்தில் இருக்கும் பாசிர் ரிஸ்வரை மட்டும் ஓடும் டீசல் வண்டிக்கு அது நிச்சயம்.

ஊர்ல மச்சான் தார் வாங்கியிருக்கான். அதை இங்க கொண்டு வரலாமா?

ஆசை புரிகிறது. மஹிந்திரா தார் 2010இல் வந்து, 2020இல் முழுதாக மாறியது. வால்பாறையிலோ கொடைக்கானலிலோ அதைப் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் 3 ஆண்டு தாண்டிய கார்களை இங்கே இறக்குமதி செய்ய முடியாது. அதற்குள் உள்ளது என்றாலும் புகை விதிச் சான்று, சுங்கத் தீர்வை, ஜிஎஸ்டி, மேலே சொன்ன பதிவுக் கட்டணம், சிஓஇ எல்லாம் உண்டு. எல்லாம் முடிந்து இங்கே வந்தால் அதற்கு உதிரிபாகம் யாரிடம்? ஊரில் தாரின் பலமே தாலுகா தலைநகரில்கூட அதைத் தெரிந்த மெக்கானிக் இருப்பதுதான். அந்த ஆளைக் கப்பலில் ஏற்ற முடியாது.

மின்சார ஜீப்பு வந்துட்டா இந்தச் சண்டையே முடிஞ்சுடுமா?

2024இல் வந்த மின்சார ஜி-கிளாஸில் சக்கரத்துக்கு ஒன்றாக நாலு மோட்டார். ஒவ்வொரு சக்கரத்தின் இழுவையையும் தனித்தனியே கணக்காகக் கொடுக்கலாம், நின்ற இடத்திலேயே வண்டியைச் சுழற்றலாம். பெட்ரோல் ஜி-கிளாஸைவிட ஆழமாக, 850 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கும். எடை 3 டன்னுக்கு மேல், சேற்றில் அது கனக்கும். அசையும் பாகம் குறைவு, புரிந்துகொள்ள வேண்டிய மென்பொருள் அதிகம். தோட்டத்து நடுவில் சார்ஜரும் கிடையாது.

2030 முதல் இங்கே புதிதாகப் பதியும் கார்கள் மின்சாரம், ஹைபிரிட் போன்ற தூய சக்தி வண்டிகளாக இருக்க வேண்டும். வெறும் பெட்ரோல் ஜீப்பைப் புதிதாக வாங்க நினைப்பவருக்கு அதிகக் காலம் இல்லை.

எந்த வண்டியா இருந்தாலும் முதல்ல எதை மாத்தணும்?

டயரை. சாலை டயரோடு சேற்றில் இறங்கிய இரண்டு லட்சம் வெள்ளி வண்டி நிற்கும், நல்ல மண் டயர் போட்ட ஜிம்னி தாண்டிப் போகும். சேற்றில் காற்றைக் கொஞ்சம் குறைத்து, தார்ச்சாலைக்கு வந்ததும் திரும்ப அடியுங்கள். அளவையும் பாருங்கள். ஜிம்னிக்கு 15 அங்குல டயர், ஜோகூரின் குளுவாங் போன்ற ஊரிலும் தேடினால் கிடைக்கும். 22 அங்குல டயர் வெடித்தால் இழுவை வண்டிக்குத்தான் போன் போட வேண்டும். சஸ்பென்ஷன், பம்பர், விளக்கு என்று வேறு எதை மாற்றினாலும் முதலில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பட்டியலைப் பாருங்கள். அனுமதி வேண்டாதவை, வேண்டியவை, கூடவே கூடாதவை என்று பிரித்திருக்கிறார்கள்.

வண்டியே வாங்காம இதையெல்லாம் அனுபவிக்க முடியாதா?

தாராளமாக. கம்போங் பெத்தாவுக்குக் கஹாங்கிலிருந்து ஃபோர் வீல் டிரைவ் வண்டியோடு ஓட்டுநரும் ஏற்பாடு செய்யலாம். பிரிஞ்சாங் மலைமேல் பாசிக் காட்டுக்கு லேண்ட் ரோவரிலேயே கூட்டிப்போகிறார்கள். ஊருக்குப் போகும்போது தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்கு சூரியநெல்லி வழியாக ஜீப்பு உண்டு. அந்தக் கல்பாதையில் ஒரு தடவை போய் வந்தால் ஜீப்பு வாங்கும் ஆசை உங்களுக்கு நிஜமாகவே இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பின்னால் பெஞ்சு இருக்கையில் உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும், ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லி முன்சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.